என்டி ஃபில்டர், கிராட் ஃபில்டர்: ஒரே கறுப்புக் கண்ணாடி, வேறு வேறு வேலை

இயற்கைக் காட்சிப் படம் எடுப்பவர்களிடம், லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். "போட்டா கலர் தூக்கும்" என்பார் ஒருவர். "தண்ணி பால் மாதிரி வரும்" என்பார் இன்னொருவர். "வெயில்ல கூசாம இருக்கும்" என்று ஒரு பதில். "இப்பல்லாம் எதுக்குங்க, லைட்ரூம்ல பண்ணிக்கலாம்" என்று அலட்சியமாக ஒரு பதில்.

முதலாவதும் மூன்றாவதும் தவறு. இரண்டாவது பாதி உண்மை. லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளைச் சொன்ன கடைசிப் பதில்தான் சிக்கலானது. கறுப்புக் கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. அந்தப் பதில் ஒன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. இரண்டையும் "என்டி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவை தீர்க்கும் பிரச்சினைகளுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. அதைப் பிரித்துக் காட்டுவதுதான் இங்கே வேலை.

குடம் நிரம்பும் கணக்கு

கேமராவின் சென்சாரில் கோடிக்கணக்கான நுண்ணிய புள்ளிகள் இருக்கின்றன. 24 மெகாபிக்சல் என்றால் 2.4 கோடி. ஒவ்வொரு புள்ளியையும் குழாயடியில் வைத்த ஒரு குடம் என்று வைத்துக்கொள்வோம். குழாயிலிருந்து விழுவது ஒளி.

குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவு. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் வேகம். குடத்தில் தண்ணீர் ஓரளவு நிரம்பினால் படம் சரியாக வரும். அடியில் கொஞ்சம்தான் விழுந்தது என்றால் அந்த இடம் இருண்டு, புள்ளி புள்ளியாக நொய்ஸ் தெரியும். நிரம்பி வழிந்தால் அந்த இடம் வெள்ளையாகிவிடும். வழிந்தது ஒரு லிட்டரா ஐந்து லிட்டரா என்று குடத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அங்கே மேகம் இருந்ததா, ஆரஞ்சு நிறம் இருந்ததா என்ற தகவல் கோப்பிலேயே கிடையாது.

ஐஎஸ்ஓ எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அது விழுந்த தண்ணீரைக் கூட்டுவதில்லை. உள்ளே இருக்கிற அளவைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க ஐஎஸ்ஓ 100 என்றே வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒரே ஒரு சொல் வேண்டும்: ஸ்டாப். ஒளி இரண்டு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப். 1/60 நொடியிலிருந்து 1/30 நொடிக்குப் போனால் ஒரு ஸ்டாப் கூடுகிறது. 1/15 என்றால் இரண்டு. மூன்று ஸ்டாப் என்றால் மூன்று மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டை மூன்று முறை பெருக்க வேண்டும், எட்டு மடங்கு.

என்டி: குழாய் வாயில் கட்டிய துணி

குழாய் வாயில் தடிமனான துணியைக் கட்டினால் தண்ணீர் மெதுவாக விழும். அதே குடத்தை நிரப்ப அதிக நேரம் ஆகும். என்டி ஃபில்டர் செய்வது இதை மட்டும்தான். முழுப் பரப்பும் ஒரே சீராகக் கறுத்திருக்கும் கண்ணாடி அது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். நியூட்ரல் டென்சிட்டி, அதாவது நடுநிலை அடர்த்தி (சுருக்கமாக என்டி) என்று அதற்குப் பெயர் வைத்தது அதனால்தான். குறைத்துக்கொண்டு அது நிறத்துக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. "கலர் தூக்கும்" என்பது தவறு என்றது இதை வைத்துத்தான்.

சரி, ஒளியைக் குறைப்பதில் என்ன லாபம்? ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் நகர்கிற எதுவும் படத்தில் இழுபட்டுத் தெரியும், அசையாதது கூர்மையாக நிற்கும். என்டி ஃபில்டரில் நாம் வாங்குவது இருட்டை அல்ல, நேரத்தை.

மேகமூட்டமான பகலில் ஓர் அருவி. எஃப் 11 அப்பர்ச்சரில் (எண் கூடக் கூடத் துளை சிறியது) கேமரா 1/30 நொடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் தண்ணீர் உறைந்தும் இல்லாமல் ஓடியும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக வரும். மூன்று ஸ்டாப் என்டி போட்டால் ஏறத்தாழ 1/4 நொடி கிடைக்கும். விழுகிற தண்ணீர் நூல் நூலாகப் பிரிந்து தெரியும். ஆறு ஸ்டாப் போட்டால் இரண்டு நொடி. நூல்கள் ஒன்றோடொன்று கலந்து வெள்ளைத் திரையாகும். பத்து ஸ்டாப் போட்டால் அரை நிமிடத்துக்கு மேல். அருவிக்கு அது பெரும்பாலும் வீண், ஆனால் கடலுக்கும் மேகத்துக்கும் அதுதான் நேரம். அலைகள் தரையோடு படிந்த பனிமூட்டமாகும், மேகங்கள் வானத்தில் கோடிழுக்கும்.

என்னைக் கேட்டால் அருவிக்கு 1/4 முதல் 1/2 நொடி போதும். தண்ணீருக்கு எடை இருப்பது அப்போதுதான் தெரிகிறது. "பால் மாதிரி" என்பது ஒரு தேர்வு, கட்டாயம் அல்ல. இன்னொன்று, குற்றாலம் மெயின் அருவியில் சீசன் நாளில் இரண்டு நொடி வைத்தால் தண்ணீரோடு சேர்ந்து குளிப்பவர்களும் கரைந்துவிடுவார்கள். இதையே நல்லதுக்கும் பயன்படுத்தலாம். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஷட்டர் திறந்திருந்தால், ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பவர்கள் படத்தில் பதிய மாட்டார்கள்.

"அப்பர்ச்சரைச் சுருக்கினால் போதாதா? எஃப் 22 வைத்தால் நேரம் கிடைக்குமே?" என்ற கேள்வி நியாயமானது. கிடைக்கும், ஆனால் எஃப் 11-இலிருந்து இரண்டு ஸ்டாப்தான். அதற்குள்ளேயே படம் முழுக்க மெல்லிய மங்கல் ஏறத் தொடங்கிவிடும். மிகச் சிறிய துளை வழியாகப் போகிற ஒளி விரிந்து பரவுவதால் வரும் மங்கல் அது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இதிலிருந்து தப்பாது.

இதுவரை சொன்னதன் சாரம்: என்டி படத்தின் எல்லா இடத்திலும் ஒளியை ஒரே அளவு குறைக்கிறது, அதனால் ஷட்டர் நேரம் நீள்கிறது. நகர்வது எதுவும் இல்லாத காட்சியில், ட்ரைபாடில் வைத்து என்டி போட்டும் போடாமலும் எடுத்தால் இரண்டு படமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்

கடையில் தலைசுற்ற வைப்பது இந்த எண்கள்தான். ஒரே கண்ணாடிக்கு மூன்று விதமாக எண் போடுகிறார்கள். எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைச் சிலர் என்டி8 என்பார்கள், சிலர் 0.9 என்பார்கள், சிலர் மூன்று ஸ்டாப் என்பார்கள். மூன்றும் ஒன்றே. 0.3 என்பது ஒரு ஸ்டாப், 0.6 இரண்டு, 0.9 மூன்று, 1.8 ஆறு, 3.0 பத்து. என்டி64 என்றால் ஆறு ஸ்டாப், என்டி1000 என்றால் பத்து. கணக்குப்படி பத்து ஸ்டாப் 1024 மடங்கு; 24-ஐ யாரும் பொருட்படுத்துவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது 3.0. மூன்று ஸ்டாப் தேடிப் போனவர் இணையக் கடையில் "என்டி 3.0" என்று பார்த்து வாங்கினால், கையில் வருவது ஊடே பார்த்தால் ஒன்றும் தெரியாத பத்து ஸ்டாப் கண்ணாடி. வாங்கும் முன் ஸ்டாப் எத்தனை என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்குக்கு ஆப் எல்லாம் இருக்கிறது, ஆனால் விரல் விட்டு எண்ணினாலே போதும். ஃபில்டர் இல்லாமல் 1/60 காட்டுகிறது, போடப்போவது ஆறு ஸ்டாப். ஒவ்வொரு விரலுக்கும் நேரத்தை இரட்டியாக்குங்கள்: 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, ஒரு நொடி. பத்து என்றால் இன்னும் நான்கு விரல்: 2, 4, 8, 16 நொடி.

கிராட்: ஒரு குழாய்க்கு மட்டும் துணி

இப்போது குழாயடியில் இரண்டு குடங்கள். ஒன்று வானத்தின் குடம், அதன் குழாயில் தண்ணீர் சீறி வருகிறது. மற்றது நிலத்தின் குடம், அதன் குழாயில் சொட்டு சொட்டாக வருகிறது. இரண்டுக்கும் ஒரே வால்வு. திறந்தால் இரண்டும் திறக்கும், மூடினால் இரண்டும் மூடும். நிலத்தின் குடம் நிரம்பட்டும் என்று காத்திருந்தால் வானத்தின் குடம் வழிந்து ஓடும். வானம் வழியும் முன் மூடினால் நிலத்தின் குடத்தில் அடிமட்டம்தான் இருக்கும்.

விடியற்காலையில் தனுஷ்கோடியில் நின்று எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. வானம் செக்கச்செவேலென்று வந்தால் மணல் கறுப்பு. மணல் தெரிந்தால் வானம் வெள்ளை. நம் கண்ணுக்கு இரண்டும் தெரிகிறதே என்றால், கண் அங்கும் இங்கும் அலைந்து ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சென்சாருக்கு ஒரே வாய்ப்பு. அது ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய மிக இருட்டுக்கும் மிக வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியை டைனமிக் ரேஞ்ச் என்கிறோம்.

கிராஜுவேட்டட் என்டி, சுருக்கமாகக் கிராட், மேல்பாதி கறுத்தும் கீழ்பாதி தெளிவாகவும் இருக்கும் கண்ணாடி. கறுத்த பாதியை வானத்தின் மேல் வைத்தால் அந்தக் குழாய்க்கு மட்டும் துணி கட்டியது போலாகும். இரண்டு குடமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிரம்பும். இங்கே ஷட்டர் நேரத்தை நீட்டுவது நோக்கமே அல்ல. வானத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பதுதான் நோக்கம்.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 1850-களில் பிரான்ஸில் கடற்காட்சிகள் எடுத்த குஸ்தாவ் லெ கிரே பயன்படுத்திய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக எதிர்வினை காட்டின. அதனால் வானம் வெளுத்துப்போகும். அவர் தம் கடற்காட்சிகள் பலவற்றில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். இன்று கணினியில் இரண்டு படங்களை ஒட்டுகிறவர்கள் செய்வதும் அதையேதான். பிறகு ஸ்லைடு ஃபிலிம் வந்த காலத்தில், ஃபிலிம் தாங்கும் இடைவெளி ஐந்து ஸ்டாப் அளவுக்குத்தான் இருந்தது. எடுத்த பிறகு திருத்தவும் வழி கிடையாது. மலைப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேலன் ரோவெல், சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து தம் பெயரிலேயே கிராட் ஃபில்டர்களை உருவாக்கியது அந்தத் தேவையால்.

கோடு எங்கே விழுகிறது

கிராடில் கறுப்பு எங்கே, எப்படி முடிகிறது என்பதை வைத்து வகை பிரிக்கிறார்கள். ஹார்ட் கிராடில் கறுப்பு சட்டென்று முடியும். சாஃப்ட் கிராடில் மெல்ல மெல்லக் கரையும். ரிவர்ஸ் கிராடில் நடுக்கோட்டில்தான் கறுப்பு அதிகம், மேலே போகப் போகக் குறையும்.

தனுஷ்கோடியில் ஹார்ட் கிராட் அழகாகப் பொருந்தும். கடல் தொடுவானம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது, அதைத் தாண்டி எதுவும் எழும்பி நிற்கவில்லை. அதே ஃபில்டரை மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் தொல்லை. தொடுவானத்துக்கு மேலே கோயிலின் விமானம் எழும்பி நிற்கிறது; வானத்தைக் கறுக்கும் கண்ணாடி விமானத்தையும் சேர்த்துக் கறுக்கும். கீழே தேன் நிறத்தில் கல், மேலே கரி பூசிய கல் என்று கோயில் இரண்டு துண்டாகத் தெரியும். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இதே கதிதான். கண்ணாடிக்கு எது வானம், எது சிலை என்று தெரியாது. அங்கெல்லாம் சாஃப்ட் கிராட் தவற்றைக் கொஞ்சம் மறைக்கும், முழுக்க அல்ல. நீலகிரி போன்ற மலைப்பகுதியில் தொடுவானம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கும் சாஃப்ட்தான்.

ரிவர்ஸ் கிராட் சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்கானது. அப்போது வெளிச்சம் அதிகம் இருப்பது வானத்தின் உச்சியில் இல்லை, தொடுவானத்தில். வேறு நேரத்தில் அதற்கு வேலை குறைவு.

லென்ஸில் திருகி மாட்டும் வட்டக் கிராடும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அதில் கோடு எப்போதும் நட்டநடுவில் நிற்கும். அதற்காக எல்லாப் படத்திலும் தொடுவானத்தை நடுவில் வைக்க முடியுமா? செவ்வகக் கண்ணாடியும் லென்ஸ் முன் மாட்டும் ஹோல்டரும் இருப்பது கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தவும், சாய்க்கவும்தான். பரவலாகப் புழங்கும் அளவு 100 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம்.

எத்தனை ஸ்டாப் கிராட் என்று தீர்மானிக்க, கேமராவை முதலில் மணலை நோக்கித் திருப்பி அளவு பாருங்கள், அப்புறம் சூரியனை விலக்கி வானத்தை. மணலுக்கு 1/8, வானத்துக்கு 1/125 என்றால் வித்தியாசம் நான்கு ஸ்டாப். அதற்காக நான்கு ஸ்டாப் கிராட் போடக் கூடாது. இரண்டு அல்லது மூன்று போதும். காரணம் தண்ணீரில் இருக்கிறது. தேங்கிய நீரிலும் ஈர மணலிலும் தெரியும் வானம், நிஜ வானத்தைவிட எப்போதும் கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். படத்தில் வானம் தன் பிம்பத்தைவிட இருண்டுபோனால், ஏன் என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும்.

சுருக்கமாக: கிராட் படத்தின் ஒரு பகுதியை மட்டும் குறைக்கிறது. கோடு நேராக இருக்கும் இடத்தில் அது கச்சிதமான கருவி, ஏதாவது குறுக்கே எழும்பினால் அதுவே பிரச்சினை.

அப்படியானால் லைட்ரூம்?

கிராடின் வேலையைக் கணினியில் செய்ய முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். ஒரு நிபந்தனை: வானத்தின் குடம் வழிந்திருக்கக் கூடாது. லைட்ரூமில் மேலிருந்து கீழே இழுக்கும் கறுப்பு, கோப்பில் இருப்பதைத்தான் கறுக்கும். இல்லாத மேகத்தை அது கொண்டுவராது. வெள்ளையைச் சாம்பலாக்கும், அவ்வளவே.

ஆகவே வானம் வழியாதபடி எடுத்துவிட்டு, ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நிலத்தை வெளிச்சமாக்குவது ஒரு வழி. இன்றைய நல்ல சென்சார்கள் இதைத் தாராளமாகத் தாங்கும். வித்தியாசம் அதற்கும் அதிகமென்றால் பிராக்கெட்டிங், அதாவது அசையாமல் வைத்து வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் மூன்று படங்கள் எடுத்து இணைப்பது. லெ கிரேயின் வழி. விமானத்தையும் சிலையையும் சுற்றி வளைந்து ஒட்டலாம் என்பது இதில் பெரிய சௌகரியம். அலை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும், காற்றில் தென்னை ஓலை ஆடும் என்பது அசௌகரியம். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கிராட் இன்று கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. களத்திலேயே ஒரே கிளிக்கில் முடிக்கப் பிடிக்கும் என்பவர்கள் வாங்கலாம்.

என்டி விஷயம் அப்படியில்லை. 1/60 நொடியில் எடுத்த ஒற்றைப் படத்தில் முப்பது நொடி அலை இருக்காது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சராசரி காண்பது ஒன்றுதான் மாற்று. சில கேமராக்கள் அதை உள்ளேயே செய்கின்றன: ஒலிம்பஸ் 2019-இல் இ-எம்1எக்ஸ் கேமராவில் லைவ் என்டி என்ற பெயரில் கொண்டுவந்தது. அதன் வாரிசான ஓஎம் சிஸ்டம் 2024-இல் ஓஎம்-1 மார்க் 2-இல் கிராடையும் அதே வழியில் சேர்த்தது. உங்களிடம் அப்படிப்பட்ட கேமரா இல்லையென்றால் கண்ணாடிதான் சுலபம்.

என்டி செய்யாதவை

நீர்ப்பரப்பின் பளபளப்பை என்டி போக்காது. அது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் ஃபில்டரின் வேலை. சூரியனைப் பார்க்கவும் அது பாதுகாப்பில்லை. பத்து ஸ்டாப் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனைப் படமெடுக்கத் தயாரிக்கும் தனி ஃபில்டர்கள்கூட லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கின்றன. அதுபோக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் சாதாரண என்டி நிறுத்தும் என்று உத்தரவாதம் இல்லை. என்டி மாட்டியிருந்தாலும் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். கிரகணத்துக்கு என்டியைக் கையில் பிடித்துப் பார்ப்பதெல்லாம் விபரீதம்.

திருகினால் இரண்டு ஸ்டாப்பிலிருந்து எட்டு வரை மாறும் வேரியபிள் என்டி ஆசை காட்டும். அதற்குள் இருப்பது இரண்டு போலரைசர்கள். அகன்ற லென்ஸில் கடைசிவரை திருகினால் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கறை விழும். வீடியோவுக்கு அது சரி. அகன்ற காட்சிப் படத்துக்கு ஒரே அளவுள்ள கண்ணாடியே மேல்.

போட்டு எடுக்கும்போது

வரிசை முக்கியம். ட்ரைபாடில் வைத்துக் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஃபில்டர் இல்லாத நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில்தான் பத்து ஸ்டாப்பை மாட்ட வேண்டும். முதலிலேயே மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் துழாவும். கிராடும் சேர்த்துப் போடுவதாக இருந்தால், என்டிக்கு முன்பே திரையைப் பார்த்துக் கிராடின் கோட்டை நிறுத்திவிடுங்கள். முப்பது நொடிக்கு மேல், நாம் விடும் வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் பல்ப் மோடும் ரிமோட்டும் வேண்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள், அந்த ஓட்டை வழியாகவும் ஒளி கசிந்து படத்தில் பட்டையாக விழும்.

இரண்டு நிமிடப் படம் முடிந்தும் கேமரா இன்னும் இரண்டு நிமிடம் எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை என்றால் பழுது என்று பயப்பட வேண்டாம். லாங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷன் இயங்குகிறது. அதே நேர அளவுக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்து நொய்ஸைக் கழிக்கிறது. விடியல் கைநழுவும் அவசரத்தில் அதை அணைத்து வைப்பது நல்லது.

கடற்கரையில் அலை வந்து திரும்பும்போது ட்ரைபாட் காலடியில் மணல் அரித்துப் போகும். முதல் அலைக்கு முன்பே கால்களை அழுத்திப் புதைத்துவிட வேண்டும். கண்ணாடியில் உப்புத் துளி படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகு துடைக்கலாம்.

முதலில் வாங்க ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால், ஆறு ஸ்டாப் வட்ட என்டி. அருவிக்கும் ஆகும், மாலை மங்கும் கடலுக்கும் ஆகும். உங்களிடம் உள்ள லென்ஸ்களிலேயே பெரிய வாய் எதற்கோ அந்த அளவில் வாங்குங்கள். பெரும்பாலும் 77 அல்லது 82 மி.மீ. இருக்கும். சின்ன லென்ஸ்களுக்கு, வாயைப் பெரிதாக்கும் ஸ்டெப்-அப் ரிங் போட்டு அதையே மாட்டலாம். ஆனால் அப்போது அந்த லென்ஸின் வெயில் மறைப்பான ஹுட் பொருந்தாது, வெயில் பக்கவாட்டில் அடித்தால் தொப்பியாலோ கையாலோ மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.